பெரிய இனப் பூனைக்குட்டி: எடை நின்றாலும் எகிறினாலும் எங்கிருந்து தேடுவது

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி வீட்டுக்குச் சிங்காரம் வந்தபோது அவனுக்கு 11 வாரம். மெய்ன் கூன் என்ற பெரிய இனத்துக் கடுவன் குட்டி. எடை 1,240 கிராம். "அப்பன் ஒன்பது கிலோ மேடம், இவன் அதையும் தாண்டுவான்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். அந்த ஒன்பது கிலோ என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் தராசில் வைப்பேன், முகம் வாடிப்போவேன். அம்மா வேறு, "என்னடி, சிங்கக்குட்டி மாதிரி வளரும்னு சொன்னே, கீரிப்பிள்ளை மாதிரி நீளமா ஒல்லியா இருக்கே" என்பார். அந்தப் பதற்றத்தில் நான் செய்த தவறு ஒன்று அவன் எலும்பையே பதம் பார்த்தது. அதைக் கீழே சொல்கிறேன். இந்தக் குறிப்பை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

சாதாரண வீட்டுப் பூனை ஏறக்குறைய ஒரு வயதில் தன் முழு உருவத்துக்கு வந்துவிடும். மெய்ன் கூனுக்கு அதற்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். நார்வீஜியன் ஃபாரஸ்ட், சைபீரியன், ராக்டால் ஆகிய இனங்களும் இப்படி நிதானமாக வளர்பவைதான். மெய்ன் கூன் கடுவன் வளர்ந்தபின் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோ இருக்கும், பெட்டை 4 முதல் 5.5 கிலோ. பத்து கிலோ, பன்னிரண்டு கிலோ என்று செல்போனில் பார்க்கும் படங்களில் பாதி முடி, மீதி கேமரா கோணம். 2010-ல் உலகின் நீளமான வீட்டுப்பூனை என்று கின்னஸில் ஏறிய ஸ்டூயி என்ற மெய்ன் கூனுக்கு மூக்கிலிருந்து வால் நுனிவரை 123 செ.மீ. அளந்தது நீளத்தை. எடைக்கான சாதனைப் பிரிவையே கின்னஸ் மூடிவிட்டது, யாரும் பெயருக்காகத் தீனியைத் திணித்துவிடக் கூடாது என்று.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: எடையும் கையும்

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விடுங்கள். அந்தத் தராசுகள் பெரும்பாலும் 5 கிலோவோடு நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் 100, 200 கிராம் பிசகும். பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கும் லக்கேஜ் தராசு இதைவிட நம்பகமானது.

சாதாரணக் குட்டி நான்கைந்து மாதம்வரை வாரம் சுமார் 100 கிராம் ஏறும். பெரிய இனக் கடுவன் 150 கிராமோ அதற்கு மேலோ ஏறலாம். ஒரு வாரம் 200, அடுத்த வாரம் 60 என்று வருவது சகஜம். அந்தந்த வார எண்ணைவிட நான்கு வாரத்தின் போக்குதான் பேசும். அதனால் நோட்டில் எழுதி வையுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இந்த இனங்களுக்கு முடி அடர்த்தி. கண்ணால் பார்த்து ஒல்லி, குண்டு சொல்ல முடியாது, தொட வேண்டும். உங்கள் இடது கையை மேசைமேல் விரித்து வைத்து, புறங்கையில் விரல் எலும்புகளை வருடிப் பாருங்கள். குட்டியின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கிய கணுக்களைப்போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைப்போல எலும்பே அகப்படாமல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. தராசும் கையும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நான் அதை நம்புவேன்.

நன்றாகச் சாப்பிடுகிறது, இரண்டு வாரமாக எடை ஏறவில்லை

முதலில் கணக்கைப் பாருங்கள். ஏனென்றால் "நன்றாகச் சாப்பிடுகிறது" என்பது பல வீட்டில் "போட்டதைச் சாப்பிடுகிறது" என்றுதான் அர்த்தம். 2 கிலோ குட்டிக்கு வளரும் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 290 கிலோ கலோரி வேண்டும். 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றில் 70 முதல் 90 வரைதான் இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடுத்துவிட்டு, "ரெண்டு பாக்கெட் காலி பண்றான்" என்று சந்தோஷப்படுபவர்களின் குட்டி பாதிப் பசியோடு இருக்கிறது. குட்டிகளுக்கான உலர் தீவனம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 380 முதல் 420 கிலோ கலோரி தரும். ஆக அதே குட்டிக்கு 75 கிராம் உலர் தீவனம், அல்லது 40 கிராம் உலர் தீவனத்தோடு ஒன்றரை, இரண்டு பாக்கெட் கணக்குக்கு வரும். பொட்டலத்தின் பின்பக்கம் கலோரி போட்டிருப்பார்கள். போடாத கம்பெனியை நான் வாங்குவதில்லை.

நம் வீடுகளில் இன்னொன்று நடக்கும். தயிர் சாதம், பால் சாதம். குட்டி வயிறு முட்டத் தின்னும், தூங்கும், எடை நகராது. பூனை இறைச்சியைத் தின்று வாழ உருவான உடம்பு. அரிசி இடத்தை அடைத்துக்கொள்ளும், புரதம் கிடைக்காது. பசும்பாலில் இருக்கும் புரதம் தாய்ப்பூனையின் பாலில் இருப்பதில் பாதிகூட இல்லை. பால் குடித்து வயிறு கலங்கும் குட்டிகளும் ஏராளம்.

கணக்கு சரியாக இருந்தும் எடை நின்றால், அடுத்த சந்தேகம் புழு. உருண்டைப்புழு தாயின் பால்வழியே குட்டிக்குள் போய்விடும். வீட்டைவிட்டு வெளியே காலே வைக்காத குட்டிக்கும் இருக்கும் என்பதை நம்ப மறுப்பவர்கள் நிறைய. குடற்புழு மருந்தை மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, பிறகு ஆறு மாதம்வரை மாதாமாதம் கொடுப்பது வழக்கம். அளவு எடையைப் பொறுத்தது. ஆகவே மருந்துக்கடையில் "பூனைக்கு ஒரு டீவார்மிங் சிரப்" என்று கேட்டுக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். அன்றைய எடையை டாக்டரிடம் சொல்லி அளவை வாங்குங்கள். மலப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. ஜியார்டியா, காக்ஸிடியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் சாதாரணப் புழு மருந்துக்கு அசையாது.

முடியைப் பிரித்துத் தோலையும் பாருங்கள். மழை மாதங்களில் பெங்களூரில் தெள்ளுப்பூச்சி பெருகும். மிளகுத்தூள் போன்ற துணுக்குகளை ஈரத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் குட்டியின் ரத்தம். சின்னக் குட்டி இதனால் ரத்தசோகை வந்து செத்தே போகும். ஈறு வெளுத்திருந்தால் அன்றே டாக்டர். நாய்க்கான தெள்ளு மருந்தை மட்டும் கைமறந்தும் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

புழுவும் இல்லை, தீனியும் சரி, ஆனாலும் குட்டி குள்ளமாக நிற்கிறது, சாப்பிட்டபின் மந்தமாகிறது, எச்சில் வடிக்கிறது என்றால் கல்லீரலுக்குப் போக வேண்டிய ரத்தம் சுற்றுவழியில் போகும் பிறவிக்கோளாறு இருக்கலாம். அபூர்வம்தான். பித்த அமில ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும்.

சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது

மூக்கைப் பாருங்கள். பூனை மணத்தால் சாப்பிடும் பிராணி. சளி பிடித்து மூக்கடைத்தால் எதிரே பால்கோவா வைத்தாலும் தொடாது. ஈர உணவை வெந்நீரில் பாக்கெட்டோடு வைத்து லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். மணம் கிளம்பும். மூன்றரை முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் பல் மாறும் காலம். 26 பால்பல் விழுந்து 30 பல் முளைக்கும். ஈறு சிவந்து, உலர் தீவனத்தைக் கடிக்கத் தயங்கும். சில நாள் ஈர உணவு கூடுதலாகக் கொடுத்தால் கடந்துவிடும். வீட்டில் வேறு பூனை இருந்தால் கிண்ணங்களைத் தனி அறையில் வையுங்கள். மல்லி என்ற எங்கள் பெட்டைக்குட்டி, சிங்காரம் பக்கத்தில் நின்றாலே கிண்ணத்தைவிட்டு நகர்ந்துவிடுவாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரமானது.

சின்னக் குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். உடம்பு சில்லிட்டுத் துவண்டு கிடந்தால் தேனை ஈறில் தடவி, துணியில் சுற்றி, கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஒரு துண்டுகூடக் கொல்லும்.

வயிறு பானை, முதுகெலும்பு கத்தி

பெரும்பாலும் புழுதான். மருந்து கொடுத்து இரண்டு வாரத்தில் வயிறு வடியும். வடியாமல், தண்ணீர்ப் பைபோலத் தளும்பி, கூடவே ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் எஃப்.ஐ.பி. என்ற நோயைச் சந்தேகிக்க வேண்டும். பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ் உருமாறி வருவது. பல குட்டிகளை ஒன்றாக அடைத்து வளர்க்கும் இடத்திலிருந்து வந்த, இரண்டு வயதுக்குட்பட்ட இனப்பூனைகளுக்கு அதிகம் வரும். ஒரு காலத்தில் இது வந்தால் சாவுதான். 2019-க்குப் பிறகு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தால் பிழைப்பவையே அதிகம். அதனால் "எஃப்.ஐ.பி.யா, கருணைக்கொலை செய்துவிடலாம்" என்று யாராவது உடனே சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். நாள் கடத்தவும் கூடாது.

எடை ஏறுகிறது, ஆனால் நொண்டுகிறது, குதிக்க மறுக்கிறது, தூக்கினால் கத்துகிறது

என் தவறு இங்கேதான். சிங்காரம் ஒல்லியாக இருக்கிறான் என்று, தீவனத்தை நிறுத்திவிட்டு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி மட்டும் கொடுக்க ஆரம்பித்தேன். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து வாரம் இரண்டுமுறை புதுசாக வாங்கி வருவேன். அவனும் ஆசையாகத் தின்றான். முதல் சில வாரம் எடை ஏறியது, எனக்குப் பெருமை. ஆறாவது வாரம் ஜன்னல் திட்டுக்கு ஏறுவதை நிறுத்தினான். ஏழாவது வாரம், இடுப்பில் கைவைத்துத் தூக்கியதும் அலறினான். எக்ஸ்ரேயில் எலும்பு சாம்பல் நிறத்தில், காகிதம்போல் மெலிந்திருந்தது. தொடை எலும்பில் ஒரு மடிப்பு முறிவு.

காரணம் எளிது. கோழிச்சதையில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிட 15 மடங்குக்கும் மேல். வளரும் பூனைக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்று அதிகமாக வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். வேகமாக நீளும் பெரிய இனக் குட்டிக்கு இது சீக்கிரமே எலும்பை முறிக்கும். சிகிச்சை, எனக்கே ஆச்சரியமாக, மருந்தைவிடச் சாப்பாடுதான்: குட்டிகளுக்கான முழுமையான தீவனம், ஆறு வாரம் கூண்டில் ஓய்வு, வலிமருந்து. "இதுக்குமேல கால்சியம் டானிக் தனியா ஊத்தாதீங்க, தீவனத்துலயே அளவா இருக்கு" என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். அளவுக்கு மீறினால் அதுவும் கெடுதல்தான். அந்த ஆறு வாரம் கூண்டுக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மீன் மட்டும் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை மீனில் சிலவற்றில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் பொருள் உண்டு. அந்தக் குட்டி தலையை மார்போடு கவிழ்த்து நடக்கும், பிறகு வலிப்பு வரும். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும், ஆனால் எண்ணெய் மீனையே தினமும் கொடுத்தால் வைட்டமின் ஈ போதாமல் உடல் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும். கறியும் மீனும் வாரத்தில் ஓரிரு நாள் ஆசைக்கு இருக்கட்டும், நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

சாப்பாடு சரியாக இருந்தும் நொண்டினால் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, இடுப்பு மூட்டுக் குழி சரியாக அமையாத குறை. மெய்ன் கூனில் மற்ற பூனைகளைவிட அதிகம். இரண்டாவது, தொடை எலும்பின் தலைப்பந்து, எலும்பு நீளும் இடமான வளர்ச்சிக்கோட்டில் வழுக்கி நகர்வது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், கருத்தடை செய்த, எடை கூடிய கடுவனுக்கு. கருத்தடைக்குப் பின் வளர்ச்சிக்கோடு மூடத் தாமதமாகும், அந்தத் திறந்த கோட்டின்மேல் கூடுதல் பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது கிலோ ஆசை எனக்கு அன்றோடு தீர்ந்தது. மூன்றாவது, தண்டுவடத் தசைநலிவு என்ற பரம்பரை நோய். மூன்று, நான்கு மாதத்தில் பின்னங்கால் நடுங்கும், இடுப்பு ஆடும், குதிக்க முடியாது, ஆனால் வலி இருக்காது. இதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. அப்படிப்பட்ட பூனைகள் வீட்டுக்குள் பல வருடம் வாழ்வதும் உண்டு.

எக்ஸ்ரேக்கு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.

பேதி நிற்கவே மாட்டேன் என்கிறது

தீவனத்தை ஒரே நாளில் மாற்றியிருந்தால் அதுதான் காரணம். ஏழு முதல் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். சளியும் சொட்டு ரத்தமும் கலந்து, நாற்றமாக, வாரக்கணக்கில் நீடித்தால், குட்டி மற்றபடி துள்ளினாலும், டிரைட்ரைகோமோனாஸ் என்ற கிருமிக்குப் பி.சி.ஆர். பரிசோதனை கேளுங்கள். இனப்பூனை வளர்ப்பிடங்களில் இது பரவலாக இருக்கும். வாந்தியோடு சேர்ந்த பேதி, தடுப்பூசி முடியாத குட்டி என்றால் வேறு எதையும் யோசிக்காமல் ஓடுங்கள். பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் ஓரிரு நாளில் முடித்துவிடும். அந்தத் தடுப்பூசியை 6 - 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போட வேண்டும்.

கருத்தடைக்குப் பிறகு உருண்டுவிட்டது

எதிர்பார்க்க வேண்டியதுதான். அறுவைக்குப் பின் பசி கூடும், செலவாகும் ஆற்றல் கால்பங்கு அளவுக்குக் குறையும். கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பி வைக்கும் வழக்கத்தை அன்றோடு விடுங்கள். கிராம் கணக்கில் நிறுத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆனால் குட்டித் தீவனத்திலிருந்து பெரிய பூனைத் தீவனத்துக்கு உடனே மாற்ற வேண்டாம். பெரிய இனங்களுக்கு 15 மாதம்வரை குட்டித் தீவனம்தான், அளவை மட்டும் குறையுங்கள். பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் முயலாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஆறு மாதம், ஒரே காலும் வாலுமாக இருக்கிறான்

விடுங்கள். கழுத்து நீளம், காது பெரிசு, இடுப்பு ஒட்டி, பின்னங்கால் முன்னங்காலைவிட உயரம்: ஆறிலிருந்து பத்து மாதம்வரை இப்படித்தான். விலா எலும்பு புறங்கைபோல இருந்து, வாராவாரம் கொஞ்சமாவது ஏறினால் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு வயதுக்குப் பிறகுதான் மார்பு அகலும், கடுவனுக்குத் தாடை நிறையும். சிங்காரத்துக்கு இப்போது நான்கு வயது, 7.1 கிலோ. மூன்றாவது வருடத்தில் மட்டும் 600 கிராம் ஏறினான்.

ஒரு வயதிலேயே 3.5 கிலோவில் நின்றுவிட்ட கடுவன், ஆனால் துறுதுறுவென்று ஆரோக்கியமாக இருந்தால், அவன் மெய்ன் கூன் இல்லாமல் இருக்கலாம். முடி நீண்ட கலப்புக் குட்டிகளை அந்தப் பெயரில் விற்பது இந்த ஊரில் நடக்கிறது. பரம்பரைச் சான்றும் பெற்றோரை நேரில் பார்ப்பதும் இல்லாமல் சொன்ன எடையை நம்பாதீர்கள். வந்த பிள்ளை எந்த இனமானாலும் வந்த பிள்ளைதான்.

விளையாடி நின்றதும் வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது

இது வளர்ச்சிக் கோளாறு இல்லை என்றாலும் எடைக்கு வந்தவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மெய்ன் கூனில் இதயச் சுவர் தடிக்கும் நோய் பரம்பரையாக வரும். அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2005-ல் கண்டுபிடித்தார்கள். பரிசோதனையில் அது இல்லை என்று வந்தாலும் நோயே வராது என்று சொல்ல முடியாது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-ஐத் தாண்டினால், மறுநாளும் அப்படியே இருந்தால், தாமதிக்காதீர்கள். பின்னங்கால் திடீரென்று செயலிழந்து சில்லிட்டால் அது அவசரம், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

டாக்டரிடம் போகும்போது

எடை நோட்டு. தீவனப் பொட்டலத்தின் இரண்டு பக்கமும் போட்டோ. அன்று காலை மலம், மூடியிட்ட சின்ன டப்பாவில். நொண்டலுக்குப் போகிறீர்கள் என்றால் வீட்டில் நடக்கும்போது எடுத்த வீடியோ, ஏனென்றால் மருத்துவமனை மேசைமேல் எந்தப் பூனையும் நடக்காது, பதுங்கிவிடும். கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி, கொடுத்த நாளின் எடை. "கொஞ்ச நாளா சரியா இல்ல" என்று நான் ஏழாவது வாரம் சொன்னபோது, டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு, எத்தனை கிராம்?" அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தயிர் சாதம் உட்பட.